கித்தேரியம்மாளின் ஞாயிற்றுக்கிழமைக் கரடி

'குளுகுளு கோடையில் ஒரு குதூகலப் பூங்கா' என்று ஒரு டிவி நிகழ்ச்சி. முக்கால் மணி நேரம் ஓடும். அதை நான் நூறு தடவைக்கு மேல் பார்த்திருப்பேன். அந்த அளவுக்கு அசடு வழிகிற ஒன்றை இதுவரை பார்த்ததில்லை, இனிமேல் பார்க்கப்போவதும் இல்லை.

சஃபாரி சூட் போட்ட ஒருவரும் நைலக்ஸ் சேலை கட்டிய ஓர் அம்மாளும் பூங்காவைச் சுற்றிக் காட்டுவார்கள். "இங்கே பெரிய ராட்டினம் ஒன்று இருக்கிறதாமே?" என்று அவர் கேட்பார். அந்த அம்மாள் ராட்டினத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு, "அப்படியா, எங்கே?" என்பார். பிறகு ஒரு குடும்பம் வரும். மகன் வானத்தைப் பார்த்து, "அப்பா, சொர்க்கம் எங்கேப்பா இருக்கு?" என்று கேட்க, அப்பா டிக்கெட் கவுண்டரைக் கையால் காட்டுவார். அந்த அப்பா உண்மையில் எங்கள் பூங்காவில் பஞ்சுமிட்டாய் விற்றவர். அந்தப் பையனுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதற்கப்புறம் எட்டுப் பெண்கள் மினுமினுப்புத் துணியில் வந்து குட்டி ரயிலைச் சுற்றி ஆடுவார்கள். காலை மஞ்சு இன்னும் விலகாததால் அதில் மூன்று பேரின் கால்கள் மட்டும்தான் தெரியும்.

நான் வீடியோ ஓட்டிய லாட்ஜில் இதைப் போட்டால் சுற்றுலா வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து கிண்டல் பண்ணுவேன். ஒரே ஒருத்திதான் இதைச் சிரிக்காமல் பார்த்தாள். முக்காடு போட்டு, பூசைக்கு உட்கார்ந்த மாதிரி கைகட்டி உட்கார்ந்து, இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து பார்த்தாள். அவள் கித்தேரியம்மாள்.

அவள் பிறந்தது பெரும்பாறையில். அப்பா அம்மா இரண்டு பேரும் காப்பித் தோட்டத்துக் கூலிகள். பதினாறு வயதில் கொடைக்கானலுக்கு வந்து மிஷன் பள்ளி விடுதி ஒன்றில் துணி துவைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். எழுபத்தொன்பதாம் வருஷம் பேத்துப்பாறை சிலுவைராஜைக் கல்யாணம் செய்துகொண்டாள். அன்று கோவிலுக்குள் வெளிச்சம் போதாது என்று போட்டோக்காரர் இருவரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறார். அதற்குள் மஞ்சு இறங்கிவிட்டது. கழுவிப் பார்த்தபோது கோவில் படியும் அவளுடைய செருப்பும்தான் விழுந்திருந்தன. இன்னொரு நாள் எடுக்கலாம் என்று சொல்லி அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. எங்கள் ஊரில் மஞ்சை நம்பி யாரும் எதையும் தள்ளிப்போடக் கூடாது என்பது போட்டோக்காரருக்காவது தெரிந்திருக்க வேண்டும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

சிலுவைராஜ் முட்டைக்கோஸ் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். எண்பத்து மூன்றில் மதுரைக்காரர் ஒருவர் ஏரிக்கு மேலே சரிவில் 'கிங்கிணி பூங்கா' என்று ஆரம்பித்தபோது அவனும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். என் பெயர் பொன்னுவேல். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வேலை. கரடியாக இருக்க வேண்டும்.

கரடி வேஷம் ஒன்றுதான் இருந்தது. கறுப்பு வெல்வெட்டில் தைத்த உடம்பு, காகிதக் கூழில் செய்த தலை. கண் இருக்கிற இடத்தில் கண்ணாடிக் கோலி பதித்திருந்ததால் கண் வழியாக ஒன்றும் தெரியாது. வாயில் கறுப்பு வலை அடித்திருந்தது. உள்ளே இருப்பவன் அந்த வலை வழியாக நேரே பார்க்கலாம், கீழே பார்க்க முடியாது. அதனால் ஒருவன் உள்ளே இருந்தால் மற்றவன் கரடியின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். "படி", "குழந்தை", "தண்டவாளம்" என்று காதோரம் சொல்லிக்கொண்டே வர வேண்டும். அரை மணிக்கு ஒரு முறை தட்டிக்குப் பின்னால் போய் மாற்றிக்கொள்வோம். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வெளியே தெரியக் கூடாது, பேசக் கூடாது, பூங்காவுக்குள் தலையைக் கழற்றவே கூடாது. இவை முதலாளி போட்ட சட்டம்.

அந்த வேஷம் ஒரு நாளும் முழுசாகக் காய்ந்ததில்லை. வேர்வை ஒரு பக்கம், சாரல் ஒரு பக்கம். காலையில் போட்டால் முதுகெலும்பு வரை சில்லிட்டுப் போகும். அதனால் சிலுவைராஜ் எப்போதும் காலை முதல் முறையைத் தானே எடுத்துக்கொள்வான். "ஏலே, நான் போட்டுச் சூடாக்கித் தாரேன், நீ பெறகு போட்டுக்க" என்பான். நானும் சரி என்றுதான் இருந்தேன். ஒரு நாளாவது நான் முதலில் போடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

எண்பத்து நான்கு மே மாதம் டிவிக்காரர்கள் வந்தார்கள். மூன்று நாள் படம் பிடித்தார்கள். முதல் நாளும் கடைசி நாளும் சிலுவைராஜ் வந்தான். நடு நாள் மட்டும் காய்ச்சல் என்று வீட்டில் படுத்துவிட்டான். பூங்கா மைக்கில் பேசவைத்த காட்சிகளையும் கரடிக் காட்சியையும் எடுத்தது அந்த நடு நாளில்தான். எனக்குக் கை பிடிக்க வாட்ச்மேனை அனுப்பினார் முதலாளி. வாட்ச்மேனுக்குக் கேமராவைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. கையை விட்டுவிட்டுத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்த நேரம் குட்டி ரயிலின் தண்டவாளத்தில் கால் தடுக்கி நான் குப்புற விழுந்தேன். கூட்டம் ஓவென்று சிரித்தது. சஃபாரி சூட் சளைக்காமல் பூங்காவின் மைக்கிலேயே, "பாருங்கள், கரடியார் நம் அனைவருக்கும் சாஷ்டாங்கமாக வணக்கம் சொல்கிறார்" என்று ஒரு போடு போட்டார். அதையே நிகழ்ச்சியிலும் வைத்துவிட்டார்கள்.

அந்த வருஷம் ஐப்பசி அடைமழையில் சிலுவைராஜுக்கு நெஞ்சில் சளி கட்டியது. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே வேஷம் போட்டான். ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டான். வயது முப்பத்திரண்டு. கித்தேரியம்மாள் அப்போது நாலு மாதம். மறு வருஷம் பெண் பிறந்தது, இசபெல்லா என்று பெயர் வைத்தாள். அவள் பழையபடி விடுதிக்குத் துணி துவைக்கப் போனாள். குழந்தையை முதுகில் சீலையால் கட்டிக்கொண்டு போர்வை அலசுவதைப் பார்த்திருக்கிறேன். யாரிடமும் எதுவும் கேட்டு நிற்கிற பிறவி இல்லை. நானாகப் போய் ஏதாவது வேண்டுமா என்று கேட்டால், ஒன்றும் வேண்டாம் அண்ணே என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

எண்பத்தாறில் பூங்காவை மூடிவிட்டார்கள். ராட்டினத்தைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். கரடி வேஷத்தை எலி தின்றிருந்தது, குப்பையோடு சேர்த்துக் கொளுத்தினார்கள். டிவிக்காரர்கள் முதலாளிக்குப் பிரதியாகக் கொடுத்திருந்த கேசட்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்புறம் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு லாட்ஜில் வீடியோ அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. கையில் டெக்கும் டிவியும் வந்ததும் நான் முதலில் செய்த காரியம், அந்தக் கேசட்டை நிறுத்தி நிறுத்திப் போட்டு சிலுவைராஜைத் தேடியதுதான். இரண்டு நாள் வந்திருந்தானே, எங்காவது ஒரு ஓரத்தில் நின்றிருக்க மாட்டானா என்று பார்த்தேன். அவன் அந்த இரண்டு நாளும் டிவிக்காரர்களின் விளக்குப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு கேமராவுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறான். தோள்பட்டை கூட விழவில்லை.

நான் தேடி முடித்த மறுவாரம், பூசை முடிந்த கையோடு கித்தேரியம்மாள் லாட்ஜுக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை. ஞாயிறு காலையில் விருந்தினர்கள் எல்லாம் ஊர் சுற்றப் போயிருப்பார்கள், அறை காலியாக இருக்கும். டிவிக்காரர்கள் எடுத்த படம் என்னிடம் இருக்கிறதாமே, ஒரு தடவை போட்டுக் காட்ட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். புருஷனைப் பார்க்க வந்திருக்கிறாள், இதில் அவன் இல்லையே, என்ன சொல்வது என்று நினைத்தபடி கேசட்டைப் போட்டேன்.

ராட்டினம் போயிற்று, சொர்க்கம் போயிற்று, மினுமினுப்புப் பெண்கள் போனார்கள். கரடி வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். வாயை இறுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாயில் சனி புகுந்துவிட்டது.

"பாரு தங்கச்சி, அதுதான் நம்ம சிலுவைராஜு."

மூன்று நாள் படப்பிடிப்பில் கரடியை எந்த நாளில் எடுத்தார்கள் என்பது இவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு டிவியைப் பார்த்தாள். படம் முடிந்ததும், அடுத்த ஞாயிறும் வரலாமா என்று மட்டும் கேட்டாள். வா தங்கச்சி, இது உன் வீடு மாதிரி என்றேன். அன்றைக்கு நான் ஏதோ பெரிய புண்ணியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இரண்டு டீ சேர்த்துக் குடித்தேன்.

அந்தப் புண்ணியம் வாரா வாரம் வந்து என் கழுத்தைப் பிடித்தது. அவள் வந்து உட்காருவாள். நான் போடுவேன். நானே உள்ளே இருந்து ஆட்டிய கையை அவள் புருஷனின் கை என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பில் எனக்கு உட்காரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. நான் விழுகிற இடம் வந்தால் இன்னும் மோசம். சிலுவைராஜ் ஒரு நாளும் விழுந்ததில்லை. வேஷத்துக்குள் அவன் நடப்பது தண்ணீர்க் குடம் தூக்கிக்கொண்டு நடப்பது போல அவ்வளவு பதனமாக இருக்கும். அவனையல்லவா நான் ஊர் சிரிக்க விழவைத்துவிட்டேன். பல வாரம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவுசெய்து காத்திருப்பேன். அவள் படியேறி வரும்போது, அவளுக்கென்று இருக்கிற ஒரே ஒரு அடையாளத்தையும் பிடுங்கிக்கொள்ள நான் யார் என்று தோன்றும். பேசாமல் டெக்கைப் போட்டுவிடுவேன். இதற்கிடையில் அந்தச் சின்னது வளர்ந்தது, நடந்தது, பேசியது. அதனிடமும் நான், "அந்தா பாரு, உங்கப்பா வாராரு" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தேன். ஒரு பொய்யைத் தனியாக வைத்திருக்க முடியாத ஆள் நான்.

எங்கள் ஊர் ஈரத்துக்குத் தோல் செருப்பே பூத்துவிடும், கேசட் எம்மாத்திரம். எண்பத்தெட்டு ஆடியில் அந்தக் கேசட்டின் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்தது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தேன், வெயிலில் வைத்தேன். துடைக்கத் துடைக்கப் படம்தான் போயிற்று. முதலில் ஓரத்தில் கோடு விழுந்தது, பிறகு பனி கொட்டுவது போலப் புள்ளி. சத்தம் மட்டும் ஓரளவு நன்றாக இருந்தது. மதுரையில் விசாரித்தபோது, இனி ஓட்ட ஓட்டத் தேயும், கொஞ்ச நாளில் ஒன்றுமே தெரியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஞாயிறு கரடி வந்தபோது உருவம் பாதிதான் தெரிந்தது. மூன்று வயது இசபெல்லா எழுந்து போய் டிவியின் மேல் கையை வைத்துத் துடைத்தாள். கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. ஃபிராக்கின் நுனியைப் பிடித்து மறுபடியும் அழுத்தித் துடைத்தாள். பிறகு திரும்பி, "மாமா, அப்பா போறாரு" என்றாள்.

நான் டெக்கை நிறுத்தினேன். இந்தப் பிள்ளையின் அப்பாவை இரண்டாவது தடவையும் சாகக் கொடுக்கிற பாவி நான்தான் என்று அப்போது உறைத்தது. இல்லாத ஒன்றைக் கொடுத்தவனும் நானே. இனி ஒரு வாரம்கூடத் தாங்காது என்று தெரிந்து, கித்தேரியம்மாளின் முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே இருப்பது நான், விழுந்தது நான், அன்றைக்கு அவன் காய்ச்சலில் வீட்டில் இருந்தான், நான் சொன்னது அத்தனையும் பொய் என்றேன். திட்டு, காறித் துப்பு, எது செய்தாலும் தகும் என்றேன்.

அவள் குழந்தையைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு மொதல்லயே தெரியும்ணே" என்றாள். "அவுக நடை எனக்குத் தெரியாதா. நீங்க அம்புட்டு ஆசையாச் சொன்னீக. இல்லைன்னு சொல்ல மனசு வரல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்படியானால் இரண்டு வருஷமாக எதைப் பார்க்க வந்தாய் என்று கேட்டேன். கேட்டவிதம் கொஞ்சம் கோபமாகவே இருந்திருக்கும். நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும்.

"பாக்க வரலைண்ணே, கேக்க வந்தேன்" என்றாள்.

அதற்கப்புறம் அவள் சொன்னதை நான் குறுக்கே பேசாமல் கேட்டேன். கல்யாணமாகி அஞ்சு வருஷத்தில் அவன் ஒரு பகல் முழுக்க வீட்டில் இருந்தது அந்தக் காய்ச்சல் நாள் ஒன்றுதானாம். மற்ற நாளெல்லாம் இருவரும் வெள்ளனே கிளம்பினால் திரும்பிவர இருட்டிவிடும். ஞாயிறு அவளுக்கு லீவு, பூங்காவுக்கோ ஞாயிறுதான் கூட்டம். அன்றைக்கு அவளும் வேலைக்குப் போகாமல் அவனோடு இருந்திருக்கிறாள். பூண்டு போட்டுக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள். அவர்கள் வீடு பூங்காவுக்கு எதிர்ச் சரிவில் இருந்தது. எங்கள் ஒலிபெருக்கி சத்தம் ஒரு வார்த்தை விடாமல் அங்கே கேட்கும். அவன் அவள் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டு, சத்தத்தை வைத்தே அங்கே நடப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தானாம். இப்போது ராட்டினம் நிற்கிறது, இப்போது ரயில் திரும்புகிறது, இந்த அம்மாள் பொய்க்கு 'அப்படியா' என்கிறது, பார் என்றானாம்.

"வெளிச்சத்துல அவுக மொகத்தை நெறைய நேரம் பாத்தது அன்னைக்குத்தாண்ணே" என்றாள். "பெறகு ரெண்டு வருசத்துல அந்த நா எனக்குக் கொஞ்சம் கொஞ்சமா மறக்க ஆரம்பிச்சுருச்சு. எதுக்குப் பெறகு எது சொன்னாகன்னு கொழம்புச்சு. அதான் ஒங்ககிட்ட வந்தேன். இந்தச் சத்தம் வந்தாப் போதும், அவுக சொன்னது வரிசையா வந்துரும்."

நான் மூக்கைச் சிந்திக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது, சிலுவைராஜின் மேல் பொறாமையாகக்கூட இருந்தது. குழந்தை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. அதனிடம் என்ன சொல்வது என்று கேட்டேன்.

"அதை நான் சொல்லிக்கிறேன். நீங்க போடுங்கண்ணே."

நாடாவை முதலுக்குச் சுற்றிவிட்டு, டிவியில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகை இடப் பக்கம் கடைசி வரைக்கும் திருப்பினேன். திரை இருண்டுவிட்டது. சத்தத்தை மட்டும் கூட்டி வைத்தேன். சஃபாரி சூட் பேசினார், அந்த அம்மாள் அப்படியா என்றார், பஞ்சுமிட்டாய்க்காரரின் பொய் மகன் சொர்க்கத்தைக் கேட்டான். மூன்று பேரும் இருட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டோம். அவள் பிள்ளையின் காதோரம் குனிந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். இங்கே அப்பா தண்ணீர் கேட்டார், இங்கே அப்பா கண்ணை மூடிக்கொண்டார், இங்கே உனக்குப் பெயர் யோசித்தார், அப்போது நீ இன்னும் வரவே இல்லை.

கூட்டம் ஓவென்று சிரிக்கிற சத்தம் வந்தது. கரடியார் சாஷ்டாங்கமாக வணக்கம் சொல்கிறார் என்று மைக் அலறியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இந்தா, இப்ப கேளு" என்றாள் கித்தேரியம்மாள் மகளிடம். "இந்த எடத்துலதான் உங்கப்பா, 'பொன்னு விழுந்துட்டான்டி, நான் கையைப் பிடிக்கலேல்ல'ன்னு எந்திரிச்சு உக்காந்து, கண்ணுல தண்ணி வார வரைக்கும் சிரிச்சாரு."